இருபத்தாறா, எழுநூறா

இன்று காலை பட்டுச்சேலைகளுக்கு வெயில் காட்டலாம் என்று பீரோவைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாடையை முந்திக்கொண்டு ரப்பர் வாடை வந்து முகத்தில் அடித்தது. கீழ்த்தட்டில் நீங்கள் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு டயர்களும் உறை பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன. சைக்கிளே இன்னும் வாங்கவில்லை, அதற்குள் அதற்கு ஸ்பேர் டயர். என் முகூர்த்தப் பட்டிலிருந்து மகளுடைய தாவணி வரைக்கும் சைக்கிள் கடையில் வாங்கினது மாதிரி மணக்கிறது. புருஷன் விட்டுப்போன வாசனை என்று ஒருத்தி சந்தனம் என்பாள், ஒருத்தி விபூதி என்பாள். எனக்கு வாய்த்தது ரப்பர்.

பீரோவை மூடுவதற்குள் போன் அடித்தது. கோயம்புத்தூர்த் தம்பி. ஆளை அளந்து, இரும்புக் குழாயை அந்த அளவுக்கு வெட்டிப் பற்றவைத்து, நெடுந்தூரம் ஓட்டுகிற சைக்கிளுக்குப் பிரேம் கட்டித் தருகிறாரே, நீங்கள் தேடிப்பிடித்த அந்தத் தம்பி.

“அக்கா, இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிவைச் சொல்லிப்போடுங்க. சக்கரம் இருபத்தாறுங்களா, எழுநூறுங்களா? நாளைக்குக் குழாய் வெட்டோணும். இதை உட்டா அப்புறம் தீவாளி கழிச்சுத்தானுங்க.”

“சொல்றேன் தம்பி.”

“சாரை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. அவரு இருபத்தாறுலயே கறாரா இருந்தாரு.”

“கேட்டுச் சொல்றேன்,” என்றேன்.

வாய் கூசவில்லை. நீங்கள் தை மாதம் போனீர்கள், இப்போது ஆவணி. இத்தனை மாதமாக அந்தத் தம்பியிடம் நான் சொல்லிவருவது இது ஒன்றுதான். நீங்கள் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. உறவில், தெருவில், கடைவீதியில் எல்லாருக்கும் தெரியும். கோயம்புத்தூரில் அந்த ஒரு பட்டறையில் மட்டும் நீங்கள் இன்னும் சக்கர அளவை முடிவு செய்யாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். அளவைச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி, இரண்டு பிரேமும் அதே அளவா என்பது. நாம் சொல்லிவைத்தது இரண்டு அல்லவா. அதற்குப் பதில் சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை.

இருப்புக் கொள்ளாமல் கடைக்குப் போனேன். அறந்தாங்கி தாலுகா ஆபீஸுக்கு எதிரே நம் ஜெராக்ஸ் கடையில் காலையிலிருந்தே கூட்டம். பட்டா நகல் கேட்டவருக்கு வெள்ளையாக இருந்த பின்பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். ஆதார் அட்டையை இரண்டு பக்கமும் ஒரே தாளில் கேட்ட பெண்ணுக்கு முன்பக்கத்தையே இரண்டு தடவை அடித்துக் கொடுத்தேன். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மத்தியானமே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வீணாய்ப்போன அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போதே நாலு தடவை எழுந்துபோய் மோட்டார் சுவிட்சைப் போட்டு அணைத்தாயிற்று. தொட்டியில் தண்ணீர் நிறையத்தான் இருக்கிறது.

எல்லாம் அந்த வெள்ளைக்கார ஜோடியால் வந்த வினை. தலை நரைத்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், இரண்டு பக்கமும் மூட்டை தொங்கும் சைக்கிளில் வந்து, மஸ்கட்டில் நீங்கள் வேலை பார்த்த ஸ்டோர் வாசலில் தண்ணீர் கேட்டார்களாம். நீங்கள் அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் டயரைப் பார்த்தீர்கள். அந்த மனிதர் பனைமர உயரம், அந்த அம்மா குள்ளம், சக்கரம் மட்டும் இரண்டுக்கும் ஒரே அளவு. ஏன் என்று கேட்டதற்கு, வழியில் எது கிழிந்தாலும் ஒரே ஸ்பேர் போதும் என்றார்களாம். அன்று நீங்கள் வாராவாரம் போன் செய்கிற வெள்ளிக்கிழமை இல்லை. இருந்தும் எனக்குப் போன் செய்தீர்கள்.

“ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்பேரு! எப்படி யோசிச்சிருக்காய்ங்க பாரு! அதுவும் இரும்பு வண்டி. அலுமினியம் ஒடைஞ்சா தூக்கித்தான் போடணும். இரும்புன்னா எந்த வெல்டிங் பட்டறையிலயும் ஒட்ட வச்சுக்கலாமாம்.”

நான் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவரை நம்முடைய பேச்சு என்ன பேச்சு? பணம் வந்துச்சா, பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டியாச்சா, மோட்டார் ஓடுதா, ஒடம்பு எப்படி இருக்கு. அதற்கு மேல் இருவருக்கும் ஒன்றும் இருக்காது. போனில் நீங்கள் தங்கியிருந்த கேம்ப் ரூம் ஃபேன் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் வீட்டுக் காரியம் இல்லாத ஒரு விஷயத்தை நீங்கள் என்னோடு பேசியது அன்றைக்குத்தான். குழம்பு தீய்ந்துபோனது.

அடுத்த வெள்ளிக்கிழமை பாதையும் தயாராகிவிட்டது. “மீமிசல்ல கடலோர ரோட்டுல ஏறுறோம். தெக்க போனா கடல் எடது கைப்பக்கம். கன்னியாகுமரியில திரும்பி வடக்க ஏறுனாலும் கடல் எடது கைதான். கோவா வரைக்கும் கையை விடாம வரும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அங்கிட்டு இருக்கிற கடல்தான் நான் தெனம் பாக்குறது,” என்றீர்கள். அந்தக் கடலை நான் பார்த்ததே இல்லை. மீமிசல் கடல் தெரியும், கோடியக்கரை தெரியும். இருபது வருடம் உங்களை அந்தப் பக்கமே வைத்துக்கொண்ட கடலின் முன்னால் போய் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குப் பிடித்த வெறி இன்னும் இறங்கவில்லை. “வாரேன். எப்ப போறோம்?” என்றேன். நான் யோசித்துச் சொல்கிறேன் என்பேன் என்று நீங்கள் நினைத்திருந்தீர்கள் போல. சிரித்தீர்கள்.

சைக்கிள் எனக்குப் பெரிய காரியமில்லை. எங்கள் அம்மா தலைமுறைப் பெண்களே கூட்டங்கூட்டமாகச் சைக்கிள் கற்றுக்கொண்ட மாவட்டம் இது. அம்மா லேடீஸ் சைக்கிளை மதிக்கவே மாட்டார். பாருக்கு மேல் என்னை உட்காரவைத்து, பின்னால் தீவனக் கட்டு ஏற்றி ஆண்கள் சைக்கிளில் போவார். நானும் ஊரெல்லாம் ஸ்கூட்டிக்கு மாறின பிறகும் சைக்கிளில்தான் கடைக்குப் போய்வருகிறேன். நீங்கள்தான் சைக்கிளைத் தொட்டுப் பல காலம் ஆகியிருந்தது.

பிறகு ஆரம்பித்தது சண்டை. நம் ஊர்ப் பையன்கள் ஓட்டுகிற ரேஞ்சர் சைக்கிளின் சக்கரம் இருபத்தாறு. குட்டை, தடி. எழுநூறு என்பது வெளிநாட்டுக் கணக்கு. ஒல்லியான, உயரமான சக்கரம். இரண்டு பேருக்கும் இருபத்தாறுதான் என்று நீங்கள் நின்றீர்கள். எனக்கு எழுநூறுதான் என்று நான் நின்றேன். நான் உங்களைவிட நாலு விரல் உயரம் என்பது ஊரறிந்த விஷயம். அவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு குட்டிச் சக்கரத்தில் உட்கார்ந்தால் முக்காலியில் யானை உட்கார்ந்தது மாதிரி இருக்கும் என்றேன்.

“யானை இல்ல, கொக்கு,” என்றீர்கள். கோபம் தணிந்தபோதெல்லாம் என்னைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவீர்கள்.

“பெரிய சக்கரம்னா ஒரு மிதிக்கு அதிக தூரம் போகும்ல?”

“அது பல்சக்கரத்துல இருக்கு, வீல்ல இல்ல. எனக்கு எழுநூறு போட்டா திரும்புறப்ப கால் விரலு முன்வீல்ல இடிக்கும். ஒயரம் பத்தாது.”

“அப்ப ஒங்களுக்கு இருபத்தாறு, எனக்கு எழுநூறு.”

“ரெண்டு ஸ்பேரு தூக்கணும்.”

“தூக்குங்க.”

“இருபத்தாறு எந்தப் பட்டிக்காட்டுலயும் கெடைக்கும். எழுநூறு எங்க கெடைக்கும்? ஸ்பேரு கெடைக்காத சாமானை ஸ்டோர்லயே ஏத்த மாட்டேன், ரோட்டுல ஏத்துவனா?”

நான் அன்றைக்கு மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். “கல்யாண போட்டோவுல பொண்ணு ஒரு படி எறங்கி நில்லுன்னாங்க, எறங்குனேன். சக்கரத்துல எறங்க மாட்டேன்.” கேம்ப் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. “அது எனக்கும் பிடிக்கலதான்,” என்றீர்கள். எது, நான் உயரமாக இருந்ததா, படி இறங்கச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

இப்படியே வருடங்கள் ஓடின. ஹால் தரையில் ஆணி அடித்து, நூல் கட்டி, சாக்கட்டியால் இரண்டு வட்டமும் போடச் சொன்னீர்கள். போட்டு, போனைக் கவிழ்த்துக் காட்டினேன். ஒன்றுக்குள் ஒன்றாக நின்ற இரண்டு வட்டத்துக்கும் நடுவே சுற்றிலும் ஒரு விரற்கடைதான். இதற்கா இத்தனை வெள்ளிக்கிழமை என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவளும் பெருக்கும்போது வட்டத்தை அழிக்காமல் சுற்றித்தான் பெருக்கினாள்.

லீவில் வந்த ஒரு தடவை, வந்ததும் வராததுமாக என் லேடீஸ் சைக்கிளின் பின்டயரைப் பார்த்துவிட்டு, “நூல் தெரியுது, மாத்திருவோம்,” என்று கிளம்பினீர்கள். டயரில் இருபத்தாறு என்று போட்டிருந்தது. கடையில் இருபத்தாறு கேட்டு, நல்ல தடித்த டயராகப் பார்த்து வாங்கிவந்தீர்கள். வாசலில் உட்கார்ந்து மாட்டினீர்கள், மாட்டினீர்கள், மாட்டிக்கொண்டே இருந்தீர்கள். ஒரு பக்கம் ஏற்றினால் இன்னொரு பக்கம் கழன்றது. நெம்ப வாகாக எங்கள் அம்மா வீட்டுச் சீர்க் கரண்டியை எடுத்துப்போய், அதன் கழுத்தை வளைத்து, கடைசியில் ஒடித்தேவிட்டீர்கள். சட்டை முழுக்க வியர்வை. அந்தப் பக்கம் போன சைக்கிள்கடைக்காரர் நின்று பார்த்துவிட்டு, “இது ரேஞ்சர் டயருங்க. லேடீஸ் சைக்கிள்ல ரிம்மு கொஞ்சம் பெருசு. ரெண்டுக்கும் நம்பரு இருபத்தாறுதான், ஆனா இது அதுக்குச் சேராது,” என்றார்.

உங்களுக்கு வந்த கோபம் கடைக்காரர் மேலும் இல்லை, டயர் மேலும் இல்லை. “ரெண்டு சாமானுக்கு ஒரே நம்பரு போட்டவன் எவன்டா? ஸ்டோர்ல இப்படிப் போட்டா வீட்டுக்கு அனுப்பிருவாய்ங்க!” என்று தெருவைப் பார்த்துக் கத்தினீர்கள். நான் உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உங்கள் இருபத்தாறின் லட்சணம் இதுதானா என்று அடுத்த நாலைந்து வெள்ளிக்கிழமைகள் உங்களை வறுத்தெடுத்தேன். அது வேறு இருபத்தாறு, இது வேறு இருபத்தாறு என்று நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். எனக்கு விளங்கியிருந்தது. ஆனாலும் விளங்காத மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரேயடியாக ஊருக்கு வந்தீர்கள். இந்த இடத்தைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் வந்த பிறகு நம் பேச்சு நின்றுபோனது. லீவில் வரும்போது வீட்டில் ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டிருப்பார்கள், அதனால் தெரியவில்லை. இப்போது ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் நீங்கள், அடுப்படியில் நான். டீ கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்கள். சாப்பிடுறீங்களா என்றால் ம் என்பீர்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் இரண்டு பேரும் டிவியைப் பார்த்தோம். இவ்வளவு காலம் காத்திருந்தது இந்த மனிதருக்கா என்று எனக்கே பயமாக இருந்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அப்போதுதான் ஒரு சாயங்காலம் அடுப்படியில் என் போன் அடித்தது. நீங்கள். கடைவீதிக்குப் போயிருப்பீர்கள் என்று நினைத்து எடுத்தேன்.

“எங்கிட்டு இருக்கீங்க?”

“மாடியில.”

“மாடியில இருந்துக்கிட்டு எதுக்குங்க போனு?”

“இல்ல… அந்தக் கால் விரலு இடிக்கிற விஷயம் ஒண்ணு யோசிச்சேன்…”

நான் அடுப்பைக் குறைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். பேசினோம். முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவட்டையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துக் கட்டினால் உங்களுக்கும் எழுநூறு சரிவருமா என்று பேசினோம். பிறகு உங்கள் ஸ்டோரில் கூட வேலை பார்த்த மலையாளியைப் பற்றி, நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது கண்மாய்க்குள் சைக்கிளோடு விழுந்ததைப் பற்றி, என்னென்னவோ பேசினோம். கீழே இறங்கி வந்து ஒன்றும் நடக்காத மாதிரி டீ வாங்கிக்கொண்டீர்கள். அடுத்த நாளும் அதே நேரத்துக்கு மாடி ஏறினீர்கள். நான் போனைச் சார்ஜில் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். மகள் திருச்சிக் கல்லூரியிலிருந்து லீவுக்கு வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேருக்கும் கிறுக்குப் பிடிச்சிருச்சு,” என்றாள். பிடித்திருந்தால் என்ன. அந்தச் சில மாதங்கள்தான் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று கூச்சப்படாமல் சொல்வேன். முகம் பார்த்துப் பேச நமக்கு வரவில்லை. அதற்காகப் பேசாமல் இருந்துவிடவில்லையே.

பிறகு பொங்கல் முடிந்து, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு என்றீர்கள். காரில் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கடைசியாக என்ன சொன்னார் என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். கண்ணாடியை எறக்கு என்றீர்கள், இறக்கினேன். அவ்வளவுதான். சக்கரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உங்களைப் பற்றி நான் யாருக்கும் தகவல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. உறவுக்காரர்கள் உறவுக்காரர்களுக்குச் சொன்னார்கள், தெருமுனையில் போர்டு வைத்தார்கள், மஸ்கட்டுக்கு உங்கள் கூட்டாளிகள் மூலமாகச் செய்தி போனது. இறப்புச் சான்றிதழைக்கூட நம் கடை மெஷினில் நான்தான் நகலெடுத்தேன். கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து, மூடியை மூடி, பட்டனை அழுத்தினேன். அதில் எழுதியிருந்தது. கேட்ட ஆபீஸில் எல்லாம் அந்தத் தாளை நீட்டினேன். வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு கோயம்புத்தூர்த் தம்பி கூப்பிட்டார். “சாரு நல்லா இருக்காருங்களா? என்ன முடிவு பண்ணினீங்க?” என்றார். “நல்லா இருக்காரு. இன்னும் சண்டைதான்,” என்றேன். தானாக வந்துவிட்டது. அதன் பிறகு அவர் கூப்பிட்டபோதெல்லாம் உங்கள் கட்சியையும் நானே பேசினேன். ஸ்பேர் கெடைக்காதுன்னு சொல்றாரு தம்பி, கால் இடிக்குமாம் தம்பி. போனை வைத்த பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் தெம்பாக இருக்கும். மகள்தான் விடாமல் கேட்கிறாள். “அந்தண்ணன்ட்ட இன்னுமா சொல்லல? பாவம்மா அவரு.” சொல்கிறேன் என்று அவளுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் இந்தச் சண்டையில் நான் ஜெயித்துவிடுவது என்று முடிவு செய்தேன். கடைக்கு நகலெடுக்க வரும் பேங்க் தம்பி ஒருவர் எழுநூறு சக்கரம் போட்ட சைக்கிள் வைத்திருக்கிறார். ஒரு நாளைக்குத் தாங்க என்று கேட்டு வாங்கி, விடிந்ததும் ஆவுடையார்கோவில் ரோட்டில் ஏறினேன். அந்தச் சக்கரம் போன போக்கை உங்களுக்கு எப்படிச் சொல்வது. ஒரு மிதி மிதித்துவிட்டுச் சும்மா இருந்தால் அதுபாட்டுக்குப் போகிறது. கருவேலங்காடும் கண்மாயும் இரண்டு பக்கமும் பின்னால் ஓடின. என் கால் முழுசாக நீண்டு மிதித்தது. பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று வாய்விட்டே சொன்னேன். எதிரே வந்த பஸ் டிரைவர் யாரைப் பார்த்துப் பேசுகிறேன் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். மீமிசலைத் தாண்டி, கடல் இடது கைப்பக்கம் வந்தது. நீங்கள் சொன்ன அதே கை.

அங்கே முன்டயர் உடைந்த பாட்டில் மேல் ஏறிக் கிழிந்தது. பஞ்சர் இல்லை, டயரே ஒரு விரல் நீளத்துக்கு வாயைப் பிளந்துவிட்டது. தள்ளிக்கொண்டு மீமிசலுக்குத் திரும்பி வந்தேன். சைக்கிள்கடைக்காரர் டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்த அளவு இங்கிட்டுக் கெடைக்காதுங்க. காரைக்குடியில கேட்டுப் பாக்கலாம், இல்லைன்னா திருச்சிதான்.”

“பழைய பெரிய சைக்கிளுக்குப் போடுற இருபத்தெட்டு இருக்கும்ல? அதை மாட்டிப் பாருங்களேன்.”

மாட்டிப் பார்த்தார். பார்வைக்கு அதே அளவுதான். ஆனால் ரிம்மின் மேல் கொலுசு மாதிரி தளர்ந்து நின்றது. கழற்றி வைத்துவிட்டு, பின்னால் ஆணியில் தொங்கிய டயர்களைக் காட்டினார். “ரேஞ்சர் வண்டியா இருந்தா இந்நேரம் மாட்டி அனுப்பியிருப்பேங்க. அந்த இருபத்தாறு வேணுங்கிற மட்டும் கெடக்கு.”

கேட்டீர்களா. நீங்கள் அந்தக் கடையில் ஒளிந்துகொண்டு சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது. எனக்கு அந்த மனிதர் மேல் பொல்லாத கோபம் வந்தது, பாவம்.

மீன் ஏற்றிக்கொண்டு அறந்தாங்கிக்கு வந்த லோடு ஆட்டோவில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு நானும் ஏறிக்கொண்டேன். கூடை நடுவே உட்கார்ந்திருந்த மீன்காரம்மா என்னையும் சைக்கிளையும் பார்த்தார். “இந்த வெயில்ல எதுக்குத்தா ஒனக்கு இந்தப் பாடு? ஒன் வீட்டுக்காரரு எங்க இருக்காரு?”

“வெளிநாட்டுல,” என்றேன்.

இருபது வருடப் பழக்கம், வாயில் வந்துவிட்டது. அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டார். அவர் மருமகனும் அங்கேதானாம். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, மீன் வாடைக்கு மூடியது மாதிரி ஊர் வரைக்கும் அழுதுகொண்டு வந்தேன்.

அன்றிலிருந்துதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏனென்றால் நான் தோற்றுவிட்டேன். இரண்டு பேராகப் போவதாக இருந்தபோது உங்கள் வாதத்துக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது: என் டயர் கிழிந்தால் நீங்கள் உங்கள் சைக்கிளில் போய் எங்கேயாவது தேடி வாங்கிவருவீர்கள், நான் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பேன். அந்தத் தைரியத்தில்தான் எழுநூறு கேட்டேன். தனியாகப் போகிற பொம்பளைக்கு அந்தப் பதில் உதவாது. தொண்டியிலோ தூத்துக்குடிக்கு இந்தப் பக்கமோ, பேர் தெரியாத ஒரு ஊரில், ஆணியில் தொங்குகிற டயர் எனக்குச் சேர வேண்டும். போக வேண்டும் என்றால் இருபத்தாறுதான். போகத்தான் போகிறேன், அதில் மாற்றமில்லை. உங்கள் கடலை நான் பார்க்காமல் விடப்போவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சாயங்காலமாகிவிட்டது. எழுந்து நின்றுகொண்டே கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். உட்கார்ந்தால் பேச வராது என்று தோன்றியது.

“தம்பி, இருபத்தாறே போட்டுருங்க.”

அந்தப் பக்கம் சிரித்தார். “அப்போ சாரு ஜெயிச்சுப்போட்டாருங்களா?”

“ஆமா தம்பி. ஜெயிச்சுட்டாரு.”

“சரிங்க. ரெண்டு பிரேமுக்கும் அதே அளவுதானுங்களே?”

“ஒண்ணு போதும் தம்பி. அவரு இறந்துட்டாரு. தையிலயே.”

சொல்லிவிட்டேன். என் குரலில் அந்த வார்த்தையை நானே அப்போதுதான் கேட்டேன். அந்தப் பக்கம் ஏதோ அறுக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அது நின்றது. ஏன் மறைத்தீர்கள் என்று அந்தத் தம்பி கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அக்கா, உங்க கால் அளவை மறுபடியும் எடுத்து அனுப்புங்க. சக்கரம் சின்னதா இருந்தா என்னங்க, பிரேமை உங்க ஒசரத்துக்கு ஏத்திக் கட்டித் தர்றேன். எங்கயும் குனிய வேண்டியதில்லை,” என்றார். சரி என்றேன். வைப்பதற்கு முன்னால், அவசரமில்லை என்று சொல்லிவிட்டு, சீட்டு தோலில் வேண்டுமா, ஜெல்லில் வேண்டுமா என்று கேட்டார்.

நீங்கள் சொன்னது சரி. இந்த வார்த்தையை நான் உங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சக்கர விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி என்று எனக்கு எப்போதோ பட்டுவிட்டது. ஒப்புக்கொண்டால் அப்புறம் எதைப் பேசுவீர்கள் என்ற பயத்தில்தான் எழுநூறு எழுநூறு என்று நின்றேன். இப்போது ஒப்புக்கொண்டேன். சீட்டுக்கு நீங்கள் தோல்தான் என்பீர்கள், கிழிந்தால் எந்தச் செருப்புத் தைக்கிறவரும் தைத்துத் தருவார் என்பீர்கள். மேற்குக் கரையில் பெய்கிற மழையில் தோல் ஊறிப்போய் ஆட்டுக்கால் பாயா ஆகிவிடும். நான் ஜெல் சீட்டுதான் போடப்போகிறேன். எங்கே, மறுத்துப் பேசுங்கள் பார்ப்போம்.